வாத்துமூக்கு முனையில் தண்ணீர் சுத்தம்

எங்கள் ஏரியில் சனிக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு தூண்டில் போட்டு உட்காருகிறவனை நான் புத்தியுள்ளவனாகவே மதிப்பதில்லை. அதற்கு மேல் ஏரி எங்களுடையது. மீன் வேண்டுமென்றால் விடியலில் வரட்டும், இல்லாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். நேற்று உங்களோடு வந்த அந்த இளம் அதிகாரி, நான் ஏதோ வேகப்படகு என்றாலே முகம் சுளிக்கிற கிழவன் என்று நினைத்துக்கொண்டு பேசினார். என் வீட்டுப் படகுத்துறையில் நிற்கும் படகைப் போய்ப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும், உள்ளே இரண்டு என்ஜின்கள். கிளப்பினால் எதிர்க்கரையில் நிற்கிறவனுக்கு நெஞ்சுக்குள் அதிரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் வேறு ஏரிக்குக் குடிபோகலாம்.

என் மனைவி நாடீன் சனிக்கிழமை இறந்துபோனாள். ப்ராடி லாக்வுட் ஓட்டிய படகில். அவன்மேல் வழக்குப் போடுங்கள் என்று கேட்கத்தான் நானாக இந்த ஏரிப் போலீஸ் அலுவலகத்துக்கு வந்தேன், யாரும் என்னை இழுத்துவரவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவனுக்காக அழுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் தலைநகரிலிருந்து வந்தவர், ஏரிப் பழக்கம் தெரியாதவர், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் படகுச் சங்கம் சீட்டாட்ட ஓட்டம் நடத்தும். ஏரி நெடுக ஐந்து துறைகள். ஒவ்வொன்றிலும் நின்று ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அணையோரத்துக் கடைசித் துறையில் யார் கையில் நல்ல சீட்டுகள் சேர்ந்திருக்கின்றனவோ அவருக்குப் பரிசு. முதலில் வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது, இது பந்தயமே இல்லை என்று நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்வோம். செய்துவிட்டு மணிக்கு நூறு மைலுக்குமேல் பறப்போம். சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது, தொடங்கிய நாளிலிருந்து. ஏசியும் ஹீட்டரும் மாட்டிப் பிழைத்தவன் நான். ஆனால் இந்த ஊரில் கார்லண்ட் பிக்ஸ்லர் என்றால் ஏசி ஞாபகம் வராது, அந்த ஓட்டம்தான் ஞாபகம் வரும்.

என் வேலை இதுதான். விடிந்ததும் பாதுகாப்புப் படகை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவர வேண்டும். மழைக்குப் பிறகு மலையோடைகள் கண்டதையும் கொண்டுவந்து ஏரியில் தள்ளும். மரக்கட்டை வரும். எவன் வீட்டுத் துறையோ பிய்ந்து பலகை பலகையாக மிதந்து வரும். எங்கள் வேகத்தில் ஒரு கட்டையில் மோதினால் அதன் பிறகு அதைப் படகு என்று சொல்ல முடியாது. நான் எல்லாவற்றையும் இழுத்துக் கரையில் கட்டிவிட்டு, ரேடியோவில் “தண்ணி சுத்தம்” என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் என்ஜினைத் தொடுவார்கள். யாரும் திரும்பிச் சரிபார்க்க மாட்டார்கள். சங்கத் தலைவன் லெராய் எல்லோரிடமும் சொல்வான், “கார்லண்ட் சுத்தம்னு சொன்னா அந்தத் தண்ணிய அள்ளிக் குடிக்கலாம்டா.” இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

பிறகு ப்ராடி வந்தான். கேன்சஸ் நகரத்துக்காரன், வீடுகளுக்குக் கூரை போடும் கம்பெனி. ஊரில் ஆலங்கட்டி மழை பெய்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள், அவனுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். அந்தக் காசில் ஊதா நிறத்தில் ஒரு படகு வாங்கிக்கொண்டு வந்தான். அடியில் இரண்டு பிளவாக இருக்கும், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும் ரகம். பணம் நேற்று வந்தது, படகு இன்று வந்தது, ஓட்டத் தெரிவது நாளைக்கு வரும் என்று இருந்தான்.

எங்கள் வீடு வாத்துமூக்கு முனைக்குப் பின்னால், சின்ன வளைவுக்குள் இருக்கிறது. முனைக்கு வெளியே ஒரு சிவப்பு மிதவை கட்டியிருக்கிறது. பெரிய படகுகள் அந்த மிதவைக்கு வெளியே சுற்றிப் போக வேண்டும் என்பது விதி. உள்ளே ஆழம் இருக்கிறது, போக முடியும். ஆனால் போனால் அலை நேராக எங்கள் துறைகளின்மேல் வந்து விழும். ப்ராடி எப்போதும் உள்ளே வெட்டித்தான் போவான். அதில் அவனுக்கு மிச்சமாவது மூச்சு விடுகிற நேரம். நான் துறையில் நின்று கத்துவேன். அவன் கேட்கிற பாட்டுச் சத்தத்தில் நான் கத்துவது எங்கே கேட்கும்? நான் ஹலோ சொல்கிறேன் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போவான்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு ஞாயிறு. நாடீன் துறையில் நின்று என் படகின் முன்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ப்ராடி உள்ளே வெட்டினான். அலை வந்து என் படகைத் தூக்கி இரும்புத் தூண்மேல் சாய்த்தது. “பிடி” என்று யாரோ கத்தினார்கள். நாடீன் கையை நீட்டினாள். படகுக்கும் துறைக்கும் நடுவில் கையைக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவளுக்கும் தெரியும். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இன்னும் இரண்டு அதன் பிறகு மடங்கவே இல்லை.

அவள் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள், அணைக்குப் பக்கத்துக் கடைத்தெருவில். ஏரியோரத்துப் பெண்கள் பாதிப் பேரின் தலை அவள் கையில்தான். அதன் பிறகு கத்தரிக்கோல் வேறொருத்தி கைக்குப் போனது. நாடீன் கல்லாவில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

உங்கள் ஆட்கள் அவனுக்கு ஓர் அபராதம் போட்டார்கள், அவன் கட்டிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்கு வந்து நாடீன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். எங்கள் துறையில் பிய்ந்த பலகைகளை ஆள் வைக்காமல் தானே வந்து மாற்றினான், இரண்டு வாரக் கடைசிகள். நாடீன் இடது கையால் எலுமிச்சைச் சாறு கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் போனதும் நான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மறுபடி முடுக்கினேன். ஒன்றுகூடத் தளர்வாக இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அவன் திருந்திட்டான் கார்லண்ட். நீதான் திருந்தல” என்றாள் நாடீன்.

“விரல் போனது உனக்கு. அவனுக்கு என்னடி போச்சு?”

“எனக்குப் போனத நான் பாத்துக்கறேன். நீ ஏன் என் விரல வச்சுக்கிட்டு ஊர் முழுக்கச் சண்ட போடற?”

அவன் திருந்தவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தவன். இந்த ஜூலையில்கூட உள்ளே வெட்டினான். எங்கள் வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டானே என்பாள் நாடீன். குறைத்தால் என்ன, வெட்டினான் இல்லையா? சங்கக் கூட்டத்தில் அவனை நீக்கச் சொல்லி எழுந்து நின்றேன். லெராய் உட்பட ஒருவரும் கை தூக்கவில்லை. பழைய கதையை விடு என்றார்கள். என் மனைவியின் கை அவர்களுக்குப் பழைய கதை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். வியாழக்கிழமை பெரிய மழை. சனி விடிந்ததும் வழக்கம்போல் பாதுகாப்புப் படகை எடுத்தேன். கட்டை எதையும் பார்க்கவில்லை என்று நேற்று உங்கள் அதிகாரியிடம் சொன்னேன். பார்த்தேன். அணைக்கு இந்தப் பக்கம், நடு ஏரியில், முழு ஓக் மரம். தண்ணீர் குடித்துக் கனத்து, முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. எருமை படுத்திருக்கிற மாதிரி. கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தேன். என் வேலை அது, செய்தேன். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கரை வாத்துமூக்கு முனை. அது என் குற்றமில்லை.

கரைக்குப் போகவில்லை. மிதவைக்கும் முனைக்கும் நடுவில் நிறுத்தினேன்.

ப்ராடியைத் தவிர வேறு யாரும் போகாத தண்ணீர் அது. மரத்தைச் சும்மா விட்டால் காற்றுக்கு நகர்ந்து மிதவைக்கு வெளியே, ஒழுங்காகப் போகிறவர்களின் பாதைக்கு வந்துவிடும். அதனால் என்னிடம் இருந்த உபரி நங்கூரத்தைக் கட்டி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, முதுகு தண்ணீருக்குள் அமுங்கும்படி இறுக்கினேன். மற்றவர்களின் பாதுகாப்புக்காகத்தான் கட்டினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்வது முக்கியம். கயிறு யாருடையது என்று சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னுடையது. அந்த முடிச்சு சங்கத்தில் நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

உயிர் போகும் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். கட்டையில் மோதினால் என்ன ஆகும் என்று வருடா வருடம் மைக்கைப் பிடித்துச் சொல்கிறவனே நான்தான் மேடம். ஆனால் விதியை மதிக்கிறவனுக்கு அந்த மரத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே வராதே என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒன்று கிடக்கிறது. வந்தால் வந்தவன் பாடு. ரேடியோவை எடுத்து “தண்ணி சுத்தம்” என்றேன். மனதில் ஓர் உறுத்தலும் இல்லை, பாதை சுத்தமாகத்தான் இருந்தது.

காலையில் படகுத்துறை வாசலில் ஓட்டுநர்கள் கூட்டம். லெராய் வழக்கம்போல் பெஞ்சின்மேல் ஏறி நின்றான். “எல்லாரும் கேளுங்கப்பா. கார்லண்ட் பேசறப்ப பீர் டப்பா உடைக்கற சத்தம் கேட்டுச்சு, அவனுக்குச் சீட்டு கிடையாது.” நான் பேசினேன். என்ஜினை நிறுத்தும் கயிற்றின் கொக்கியை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், முன்னே போகிறவன் விலகாமல் முந்தாதீர்கள், யாரும் குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். எல்லாம் சொன்னேன், மனப்பூர்வமாகச் சொன்னேன். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றபோது ப்ராடி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினான்.

“சார், வாத்துமூக்குல எப்படிப் போகணும்?”

எல்லோர் முன்னாலும் என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன். “செவப்பு மிதவைக்கு வெளிய. போன வருஷமும் அதேதான், அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். நீ பாட்ட நிறுத்திட்டுக் கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

சிலர் சிரித்தார்கள். ப்ராடி சிரிக்கவில்லை. “சரிங்க சார்” என்றான்.

காலை ஓட்டம் ஏரியின் மேல்பக்கம். வாத்துமூக்கு கீழ்ப்பக்கம், சாப்பாட்டுக்குப் பிறகுதான் அங்கே வருவார்கள். நாடீன் என்னோடு பாதுகாப்புப் படகில் வந்தாள். மேல்கரை உணவகத்தில் எல்லாப் படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிட்டு, ஒன்றிலிருந்து ஒன்று தாவிக் கரையேறினார்கள். புகையில் வெந்த பன்றி விலா, சோளம், முட்டைக்கோஸ். சீட்டைக் காட்டாமல் ஒளித்துவைத்துக்கொண்டு ஒருவனை ஒருவன் வம்புக்கு இழுக்கிற இடம் அது. எனக்குப் பசிக்கவில்லை.

நாடீன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “வா. வந்து அவனுக்குக் கை குடு. இன்னிக்கோட இத முடிச்சிரலாம். எனக்கு அலுத்துப் போச்சு.”

“எந்தக் கையக் குடுக்கறது? உன் கையவா?”

அவள் என் சட்டைக் கையை விட்டுவிட்டாள். நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது உண்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்குள் ப்ராடியே எழுந்து வந்துவிட்டான், கையை நீட்டிக்கொண்டு. பின்னால் லெராய், வாயில் விலாத்துண்டோடு. “விவாகரத்துக் கோர்ட்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்களேடா ரெண்டு பேரும். கைய குடுத்துத் தொலைங்க, சோறு ஆறுது.”

“சார், எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன்” என்றான் ப்ராடி.

“உன் அலைதான் அவ கைய நசுக்குச்சு. அத மன்னிப்பு ஒட்ட வச்சிருமா?” என்றேன் நான். குரலை உயர்த்தவில்லை.

அப்போதுதான் நாடீன் சிரித்தாள். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கடையில் வாடிக்கையாளர்களோடு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

“அலையா? அலைக்கு வாய் இருந்துச்சா கார்லண்ட்? ‘பெயிண்ட்டு, பெயிண்ட்டு, பிடிடீ’ன்னு கத்துனது அலையா?” சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். “புதுசா பெயிண்ட் அடிச்ச படகு. தூண்ல ஒரசிரும்னு ஐயா கத்துனாரு. நானும் லூசு மாதிரி கைய வச்சேன். அவ்ளோதாங்க கத.”

லெராய்க்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. மேசை மேசையாகச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. ப்ராடி மட்டும் சிரிக்காமல் நின்றான். அவன் என்மேல் இரக்கப்பட்டான். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நாடீனைப் பார்த்தானே, அதே முகத்தோடு என்னைப் பார்த்தான்.

கத்தியது நான்தான். அந்த வாரம்தான் பெயிண்ட் காய்ந்திருந்தது. யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அலை வராமல் இருந்திருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்? இரண்டு வருடம் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். மனதில் வைத்துக்கொண்டே என்னோடு அத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாள். அதை எடுத்து ஊர் முன்னால் போட்டு என் மூக்கை உடைப்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஆள் ப்ராடி.

“நான் ப்ராடி படகுல வரேன்” என்றாள். “அணைல பாக்கலாம். அதுக்குள்ள மூஞ்சியக் கழுவிட்டு வா.”

மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொக்கிகளை அவளால் போட முடியாது, எப்போதும் நான்தான் போட்டுவிடுவேன். அன்று ப்ராடி குனிந்து போட்டுவிட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

“சார், அம்மா என்கூட வர்றதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“அவ இஷ்டம்” என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் பெண்டாட்டிமேல் சந்தேகப்படுகிற கிழவன் என்று இன்னொரு முறை சிரித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும்.

மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன்பே நான் கிளம்பி முனைக்கு வந்துவிட்டேன், என் காவல் இடம் அதுதான். நேரம் தாராளமாக இருந்தது. இடுப்பில் கத்தி இருந்தது. மிதவைக்கு உள்ளே போய், மரத்தின்மேல் என் படகின் நிழல் விழுகிற அளவுக்கு நெருங்கினேன். கயிற்றை அறுத்தால் மரம் மிதந்து வெளிப்பாதைக்குப் போய்விடுமே என்று யோசித்தேன். ரேடியோவில் சொல்லலாம். சொன்னால், காலையில் சுத்தம் என்றவன் யார் என்று கேட்பார்கள். லெராய் மறுபடி பீரை மூக்கில் ஏற்றிக்கொள்வான். திரும்பி வந்து என் இடத்தில் நங்கூரம் போட்டேன். காலையில் நாடீன் கட்டிக்கொடுத்த ரொட்டி இருந்தது. இடது கையால் வெட்டுவதால் எப்போதும் கோணலாக இருக்கும். பசித்தது, சாப்பிட்டேன்.

மிதவைக்கு வெளியே, பாதைக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்களின் தட்டைப் படகுகள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக, கொடியும் குடையுமாக. பாதை அகலமாகவே இருந்தது. நெருக்கம் எதுவும் இல்லை. முதலில் லெராய் வந்தான், பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வெளியேதான் போனார்கள். போகும்போது எனக்குக் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். அவர்களில் ஒருவருக்காவது ஒரு கீறல் விழுந்ததா? இல்லை.

பிறகு ஊதாப் படகு வந்தது. தூரத்திலேயே தெரிந்துவிட்டது, அவன் உள்ளே வெட்டப் போவதில்லை. மிதவையைவிட்டு நன்றாக விலகி, லெராயைவிடவும் வெளியே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கோடு போட்டதுபோல் வந்துகொண்டிருந்தான். பாட்டு இல்லை. பக்கத்து இருக்கையில் மஞ்சள் ஜாக்கெட். நான் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் ஆட்கள் அபராதம் போட்டார்கள், அதற்கும் அசையவில்லை. இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஒழுங்காகிவிட்டான். இனி எல்லோரும் அவனை நல்லவன் என்பார்கள். வருடா வருடம் அந்த உணவகத்தில் பெயிண்ட் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ரேடியோவை எடுத்தேன் மேடம். கோபம் அவ்வளவு முற்றியிருந்தது.

அந்த நேரத்து ரேடியோப் பேச்சைத் தட்டைப் படகில் இருந்த யாரோ செல்போனில் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். போட வேண்டாம். நானே சொல்கிறேன்.

“ப்ராடி, கார்லண்ட் பேசறேன். வெளிய வேடிக்க பாக்கற படகு ரொம்ப நெருக்கி நிக்குது. நீ மிதவைக்கு உள்ள வந்துரு.”

“உள்ளயா சார்? நெசமாவா?”

“நான்தான் சொல்றேன்ல. வேகத்தக் கொறைக்காத, பின்னால ஆளுங்க வராங்க. தண்ணி சுத்தம்.”

படகின் மூக்கு உடனே திரும்பியது. நான் சொன்னால் யாரும் திரும்பிச் சரிபார்க்க மாட்டார்கள். அப்போது நாடீன் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். காற்று இரைச்சலுக்கு மேல் அவள் குரல் வந்தது.

“இப்பத்தான் கார்லண்ட் நீ மனுஷன் மாதிரி பேசற. அவன் பேர உன் வாயால கேட்டு எத்தன நாளாச்சு. ரொம்ப தேங்க்ஸ்ப்பா.”

அவள் கேட்டது எங்கள் இருவருக்கும் நடுவில் சமாதானம், வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடுதான் போனாள், அந்தக் குரலைப் பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள். ஒரு கணவன் இதைவிட என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்.